அந்தப் பையனுக்குப் பெயர் உண்டு

ஐரோப்பாவுக்குத் தமிழில் சுற்றுலா நடத்தும் பயண அமைப்பாளர்களுக்கு,

இந்த ஏப்ரலில் உங்களில் ஒருவருடைய குழுவோடு தென் ஸ்பெயினின் தரீஃபா கோட்டைக்குப் போனேன். யாருடைய குழு என்று எழுதப்போவதில்லை. அன்று கையில் கொடுத்த எட்டுப் பக்கக் கையேட்டை, அதே எழுத்துப் பிழைகளோடு, பிறகு வேறு இரண்டு குழுக்களின் பயணிகளிடமும் பார்த்துவிட்டேன். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல்.

செவியா நகரில் 11 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நானே கூட்டிப்போயிருக்கலாம். தமிழில் விளக்கம் கேட்டால் அவர்களுக்கு இன்னும் ருசிக்குமே என்று நினைத்து, என் ஒன்பது வயது மகனையும் சேர்த்து நான்கு பேருக்குப் பணம் கட்டினேன்.

தரீஃபாவில் காற்று எப்போதும் பேய் மாதிரி வீசும். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரைப் பிடித்தபடிதான் படியேறினார். எதிரே மொராக்கோ மலைகள், நடுவில் 14 கிலோமீட்டர் கடல். எட்டுப் பட்டைக் கோபுரம் ஒன்றின் அருகே எங்களை நிறுத்தி வழிகாட்டித் தம்பி கதையை ஆரம்பித்தார். 1294. கோட்டையை அரபுப் படை சூழ்ந்திருக்கிறது. தளபதி குஸ்மானின் மகன் எதிரியின் கையில். ‘கோட்டையைக் கொடு, இல்லையென்றால் பிள்ளையை வெட்டுவோம்.’ குஸ்மான் தன் இடுப்புக் கத்தியை உருவிக் கீழே எறிந்து, ‘வெட்டக் கத்தி இல்லையென்றால் இதோ என்னுடையது’ என்கிறார்.

சொல்லி முடித்துவிட்டுத் தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கத்தியை எடுத்தார். வெள்ளிக் காகிதம் சுற்றியது. “யாராவது ஒரு சார் குஸ்மானா வாங்க, ஒரு பையன் கீழ போய் நில்லு.” கூட்டத்தில் பையன் என்று இருந்தவன் என் மகன் ஒருவன்தான். இறங்கிப்போய் மண்தரையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். திருப்பூர்க்காரர் ஒருவர் கத்தியை எறிந்தார். காற்றில் திசைமாறி அவன் தோளில் பட்டு விழுந்தது. முப்பது கைப்பேசிகள் படமெடுத்தன, எல்லோரும் கைதட்டினார்கள். என்னுடைய கைப்பேசியும் அந்த முப்பதில் ஒன்று. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேலே ஏறி வந்தவன் கேட்டான்: “அங்கிள், நான் யாரா நடிச்சேன்? அவன் பேரு என்ன?”

“பேரா? குஸ்மானோட பையன்டா. அப்பா பேருதான் முக்கியம், அத நெனப்பு வெச்சுக்கோ.”

அதற்குள் அப்பா கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘ஸ்பெயினின் மனுநீதிச் சோழன்’ என்று இருந்தது. அப்பா திருவாரூர்க்காரர். கமலாலயக் குளக்கரையில் வளர்ந்தவர், கல்தேரைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வழிகாட்டியிடம் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, எங்க ஊர்க் கதையில பையனுக்குப் பேரு இருக்கு. வீதிவிடங்கன்.”

வழிகாட்டிக்கு முகம் வாடிவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் அச்சடித்துக் கொடுத்ததைத்தான் அவர் ஒப்பித்தார். என் வழக்கு உங்களோடு.

முதலில் அந்த ஒப்புமையைப் பார்ப்போம். மனுநீதிச் சோழன் கதையில் குற்றம் செய்தவன் மகன். கேட்டு வந்தது ஒரு பசு. அரசன் கொடுத்தது நீதி. தரீஃபாவில் அந்தப் பையன் ஒரு தவறும் செய்யவில்லை. பணயமாகப் பிடிபட்டவன். அவன் தகப்பன் நீதி வழங்க உட்கார்ந்தவருமில்லை, சம்பளத்துக்குக் கோட்டை காத்த தளபதி. சம்பளம் என்று நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. 1292-இல் கஸ்தீய நாட்டு மன்னர் நான்காம் சாஞ்சோ தரீஃபாவைப் பிடித்ததும், அதைக் காப்பது யார் என்பது பெரிய செலவுக் கணக்காகிவிட்டது. காலத்ராவா என்ற வீரத்துறவியர் அமைப்பின் தலைவர் ஓராண்டு காத்ததற்கு 20 லட்சம் மரவேதிக் காசு. குஸ்மான் 6 லட்சத்துக்கே காக்கிறேன் என்று முன்வந்தார் என்கிறது அந்த மன்னரின் வரலாற்றேடு. நம் ஊர்ப் பொதுப்பணித்துறை பாஷையில், குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்தவர். இதில் கேவலம் எதுவுமில்லை. ஆனால் இது மனுநீதிச் சோழனும் இல்லை.

அடுத்து, கையேடு சொல்லும் ‘அரபு எதிரி’. பையனைப் பிடித்து வைத்திருந்தவர் யார் தெரியுமா? ஹுவான் என்ற இளவரசர். கஸ்தீய அரசனுடைய சொந்தத் தம்பி, கிறித்தவர். அண்ணனோடு பகைத்து, சிறையிலிருந்து, வெளியே வந்து மறுபடி கலகம் செய்து, கடைசியில் மொராக்கோவின் மரீனித் சுல்தானிடம் போய்ப் படை வாங்கிக்கொண்டு வந்தவர். பையனைப் போர்ச்சுக்கல் அரசவையில் வளர்ப்பதற்காக அழைத்துப்போகும்படி குஸ்மானே முன்பு அவரை நம்பி ஒப்படைத்திருந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஸ்பானியர்கள் இன்றைக்கும் இந்த ஹுவானைத் ‘தரீஃபாக்காரர்’ என்ற அடைமொழியோடுதான் குறிப்பிடுகிறார்கள். பெருமைக்காக இல்லை. முற்றுகையிட்ட படையில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பது உண்மை. ஆனால் கத்தி யார் கையில் இருந்தது என்பதை விட்டுவிட்டு ‘அரபுக் கொடூரம்’ என்று அச்சடித்தால் அது பொய். அதுவும் எங்கள் பேருந்தில் காயல்பட்டினத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தப் பெரியவர் ஐந்தாம் பக்கத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்ததைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

குஸ்மானுக்கே அந்தச் சுல்தான்களோடு இருந்த பழைய உறவைக் கையேடு மறைத்துவிட்டது. அவர் தகப்பனுக்கு மணமான மனைவியிடம் பிறக்காத பிள்ளை. ஒரு விழாவில் அண்ணனே அதைச் சொல்லிக்காட்டியதால் ரோஷப்பட்டு நாட்டைவிட்டுப் போனார் என்று அக்குடும்பத்தின் 16-ஆம் நூற்றாண்டு வரலாறு பேசுகிறது. கடலைக் கடந்து மரீனித் சுல்தான் அபூ யூசுஃபிடம் படைத்தலைவராக வேலை பார்த்தார், நிறையப் பொருள் சேர்த்தார். சொந்த மகன் சாஞ்சோவே எதிர்த்துக் கிளம்பியதால் கையில் காசில்லாமல் போன பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர், தன் மணிமுடியை அந்தச் சுல்தானிடமே அடகு வைத்துக் கடன் வாங்கினார். அந்தப் பேச்சுவார்த்தைக்கு நடுவில் நின்றவர் குஸ்மான் என்பது குடும்ப மரபு. அந்த வம்சத்தின் 21-ஆம் கோமகள் (டச்சஸ்) லூயிசா இசபெல், 2008-இல் காலமானவர், ஒருபடி மேலே போய், எங்கள் மூதாதை கடலுக்கு அந்தப்பக்கம் பிறந்தவர் என்றே வாதிட்டார். வரலாற்றாசிரியர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. லெயோன் நகரம் அவர் எங்கள் ஊரில் 1256-இல் பிறந்தவர் என்று சிலை வைத்துக் கொண்டாடுகிறது. அந்தச் சிலையின் நீட்டிய கை ரயில் நிலையத்தைக் காட்டுகிறதாம். ‘ஊர் பிடிக்கலையா, அதோ ஸ்டேஷன்’ என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். இந்த மாதிரி ஒன்றைச் சொல்லியிருந்தால் எங்கள் பேருந்தே சிரித்திருக்குமே! பிளாஸ்டிக் கத்தி எதற்கு?

இப்போது பணத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய வம்சம் எப்படி எழுந்தது என்பதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி. கையேட்டில் அதற்கு ஒரே வரி: ‘இவரது வம்சம் இன்றும் புகழுடன் விளங்குகிறது.’

தரீஃபா முற்றுகை தோற்று, எதிரிப் படை திரும்பிப் போனபின், 1297-இல் குவாதல்கிவிர் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள சான்லூக்கார் ஊரும் அதைச் சுற்றிய நிலங்களும் குஸ்மானுக்குக் கிடைத்தன. செவியாவுக்குப் போகிற ஒவ்வொரு கப்பலும் தாண்ட வேண்டிய வாசல் அது. 1299-இல் கொனில் வந்தது, சூரை மீன் பிடிக்கும் உரிமையோடு. அந்த உரிமையை லேசாக நினைத்துவிடாதீர்கள். வசந்தத்தில் அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு முட்டையிடப் போகும் சூரைகள் இந்தக் கரையை ஒட்டித்தான் போகும். வழியில் வலையாலேயே அறை அறையாகக் கட்டி, மீனைக் கடைசி அறைக்குள் தள்ளி, அடிவலையைத் தூக்குவார்கள். அல்மத்ராபா என்று பெயர், அரபுச் சொல். இன்றைக்கும் கொனிலிலும் பார்பாத்திலும் சஹாரா என்ற கடலோர ஊரிலும் தரீஃபாவிலும் நடக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் போகும் மீன்கள் துள்ளும்போது கடல் கொதிக்கிற மாதிரி இருக்கும். இந்த வருமானத்தைக் குஸ்மான் வம்சம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏகபோகமாக வைத்திருந்தது. வாள் கொடுத்ததைவிட வலை கொடுத்தது அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் போனது ஏப்ரல் மாதம், வலை கட்டும் காலம். கொனில் கடற்கரை வழியாகவே பேருந்து போனது. வழிகாட்டி அப்போது ஒரு பழைய பாட்டைப் போட்டுவிட்டார்.

பிறகு ஏணி மேலே போனது. அவர் பேரன் வழியில் நியெப்லாவின் பிரபுப் பட்டம், 1445-இல் மெதினா சிதோனியாவின் கோமகன் பட்டம். ஏழாம் கோமகன்தான் 1588-இல் இங்கிலாந்துக்கு எதிரான அர்மாதா கப்பற்படைக்குத் தலைவர். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, தலைசுற்றும், அனுபவமும் இல்லை என்று எழுதிப் பார்த்தார், அரசர் விடவில்லை. ஒன்பதாமவர் 1641-இல் அரசருக்கு எதிரான சதியில் மாட்டிக்கொள்ள, சில ஆண்டுகளில் சான்லூக்காரே கைவிட்டுப் போனது. அந்த ஊர் அரண்மனையில் குடும்ப ஆவணங்கள் இன்னும் கட்டுக் கட்டாக இருக்கின்றன.

குஸ்மானின் மனைவி மரியா அலோன்சோ கொரொனெல் கையேட்டில் எங்குமே இல்லை. கணவரோடு சேர்ந்து சொத்து வாங்கியவர், மடம் கட்டியவர். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர். கத்தி எறிந்த காட்சியில் அம்மாவுக்கு இடம் இருப்பதில்லை, நம் ஊர் நாடகங்களிலும் அப்படித்தான்.

இதையெல்லாம் நேரில் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. செவியாவுக்குப் பக்கத்திலேயே, சந்திபோன்சே ஊரில், சான் இசிதோரோ தெல் காம்போ மடம். குஸ்மானும் மரியாவும் 1301-இல் நிறுவியது. உங்கள் பயணத் திட்டத்திலும் இருந்தது: ‘சந்திபோன்சே மடம், 45 நிமிடம்.’ நாங்கள் பணம் கட்டியது அதையும் பார்த்துத்தான். அன்று காலை பேருந்து கிளம்பிய பிறகு அது ‘நேரமின்மையால்’ நீக்கப்பட்டதாக அறிவிப்பு. பிற்பகலில் ஒரு தோல்பொருள் கடை வாசலில் இறக்கிவிட்டார்கள். நேரம் பார்த்தேன். ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். அம்மா ஒரு பெல்ட் வாங்கினார், யாருக்கு என்று இதுவரை முடிவாகவில்லை.

இரண்டு நாள் கழித்து நானே அவர்களை ஊர்ப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனேன். வெளியிலிருந்து பார்த்தால் மடம் மாதிரியே இருக்காது. உச்சியில் பல்வரிசை வைத்த கோட்டை. உள்ளே ஒன்றையொன்று ஒட்டி இரண்டு தேவாலயங்கள். முதலாவது குஸ்மான் கட்டியது. இரண்டாவது அவருக்குப்பின் பட்டம் ஏற்ற மகன் ஹுவான் அலோன்சோ கட்டியது. முதல் தேவாலயத்தில் பீடத்துக்கு இருபுறமும் சுவரில் கணவனும் மனைவியும் கைகூப்பி மண்டியிட்டிருக்கிறார்கள், மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய உருவங்கள். குஸ்மான் 1309-இல், ஜிப்ரால்தர் கைப்பற்றப்பட்ட அதே செப்டம்பரில், கௌசின் மலையில் போரில் இறந்தார். சரியாக 300 ஆண்டு கழித்து ஹுவான் மார்த்தினேஸ் மொந்தாஞேஸ் என்ற பெரிய சிற்பியை வைத்துச் செய்தார்கள். முகஜாடை தெரிந்து செதுக்கியிருக்க வழியில்லை. ஆனாலும் மரியாவின் முகத்தை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “புள்ளைய விட்டவ முகந்தான்” என்றார். சிற்பி அதை நினைத்துச் செய்தாரோ என்னவோ, அம்மாவுக்கு அப்படித் தெரிந்தது.

அப்பாவுக்கு ஒரு கோயில், தம்பிக்கு ஒரு கோயில். என் மகன் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்து தேடினான். அண்ணனுக்கென்று ஒரு சிலையை நாங்கள் பார்க்கவில்லை.

அண்ணன் பெயர் பெத்ரோ. பெத்ரோ அலோன்சோ என்று அந்தக் குடும்ப வரலாறு குறிக்கிறது. மூத்தவன். அவன் உயிரோடு இருந்திருந்தால் ஹுவான் அலோன்சோ வாரிசாகியிருக்க மாட்டான். அந்தக் கோமகன் பரம்பரை முழுவதும் தம்பியின் வழியில் வந்ததுதான். ஒரு வம்சத்தின் அடிக்கல் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் கத்தியைக் காட்ட மாட்டேன், அந்தப் பையனைத்தான் காட்டுவேன். தரீஃபாவில் என் மகன் கேட்ட கேள்விக்கு விடை இந்த மூன்றெழுத்துத்தான். அதை அச்சடிக்க உங்களுக்கு அரைவரி போதும்.

ஒரு நியாயத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். கோட்டையைத் திறந்துவிட்டிருந்தால் உள்ளே இருந்தவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்பது பெரிய கேள்வி. குஸ்மானைக் கொலைகாரத் தகப்பன் என்று எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. கத்தி எறிந்த விவரம் அரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட வரலாற்றேட்டில் வருகிறது, பின்னால் வந்தவர்கள் அதில் வசனம் சேர்த்தார்கள். ‘பிள்ளைகளைவிட நாட்டை முன்வைப்பதே தந்தைக்கு அழகு’ என்று வம்சத்தார் லத்தீனில் குறிக்கோள் வாசகமே வைத்துக்கொண்டார்கள். அந்த வாசகம் சும்மா கல்லில் கிடக்கவில்லை. 1936-இல் மூண்ட ஸ்பானிய உள்நாட்டுப் போரில், தொலேதோ கோட்டையில் இருந்த கர்னல் மொஸ்கார்தோ, எதிர்த்தரப்பிடம் சிக்கிய மகனோடு தொலைபேசியில் பேசி, சரணடைய மறுத்தார். மகன் ஒரு மாதம் கழித்துச் சுட்டுக் கொல்லப்பட்டான். மொஸ்கார்தோ சார்ந்திருந்த, பின்னாளில் சர்வாதிகாரியான பிராங்கோவின் தரப்பு அதை உடனே குஸ்மான் கதையோடு முடிச்சுப்போட்டது. ஒரு தலைமுறை ஸ்பானியப் பிள்ளைகள் பள்ளியில் அப்படித்தான் படித்தார்கள். இங்கே என் பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தப் பாடத்தைப் படித்தவர். தரீஃபாவில் நடந்ததை அவரிடம் சொன்னபோது, “இன்னுமா பிள்ளைகளைக் கீழே நிறுத்துகிறீர்கள்?” என்றார்.

அதனால் உங்களிடம் நான் கேட்பவை:

ஐந்தாம் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள். ‘ஸ்பெயினின் மனுநீதிச் சோழன்’ என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள். பையன் பெயர் பெத்ரோ என்று போடுங்கள், தாயின் பெயரையும் போடுங்கள். அவனைப் பணயம் வைத்தவர் கஸ்தீய அரசனின் தம்பி ஹுவான் என்று எழுதி, ‘அரபுக் கொடூரம்’ என்ற சொற்களை நீக்குங்கள். சான்லூக்கார், கொனில், சூரை மீன் இவற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். கொனில் வரும்போது பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

சந்திபோன்சே மடத்தைத் திட்டத்தில் போட்டால் கூட்டிக்கொண்டு போங்கள். முடியாதென்றால் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று அதற்காகப் பணம் கட்டி ஏமாந்த எல்லோருக்கும் அந்தப் பங்கைத் திருப்பிக் கொடுங்கள். என் நான்கு பேருக்கு மட்டும் கொடுப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். பேருந்தில் இருந்தது 38 பேர்.

வழிகாட்டிகளுக்குப் படித்துத் தயாராக ஒரு வாரமாவது சம்பளத்தோடு விடுங்கள். அந்தத் தம்பி மூன்று நாளில் நான்கு ஊர் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். திருத்திய பக்கத்தைத் தமிழில் எழுதித்தர நான் தயார், கூலி வேண்டாம்.

அடுத்த குழு கோடை விடுமுறையில் வருகிறது என்று விளம்பரத்தில் பார்த்தேன். அதில் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். அதற்குள் கையேடு மாறாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிளாஸ்டிக் கத்தியை மட்டும் ஊரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செவியாவிலிருந்து, தரீஃபாவின் மண்தரையில் நின்ற பையனின் அம்மா